மோரா சொன்ன பழைய வினைச்சொல்

என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு மோரா, “இட் வுட் தோல் சால்ட்” என்றாள். எதிர் வீட்டுக்காரி, என் வயதுக்காரி, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. அந்த ஊர்ப் பேச்சில் ‘தோல்’ என்றால் சகித்துக்கொள்வது என்று பஸ் நிறுத்தத்தில் கற்றிருந்தேன். பஸ் வராவிட்டால் அவள் அதைத்தான் சொல்வாள். பாவம், சகித்துக்கொண்டு குடிக்கிறாளே என்று கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டேன். ரசம் இன்னும் கொஞ்சம் உப்புத் தாங்கும் என்றுதான் அவள் சொன்னாளாம்.

நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவள் அவள். உப்பைப் போட்டுக்கொண்டே அந்தச் சொல்லின் பழைய பொருள்களைச் சொன்னாள். அந்தக் காலத்தில் நோவைப் பொறுப்பதும் தோல், தண்டனை அனுபவிப்பதும் தோல், விசாரணைக்கு நிற்பதும் தோல். ஒருமுறை விசாரணையைத் தோல் செய்து முடித்தவனை அதே குற்றத்துக்கு மறுபடி கூண்டில் ஏற்றக் கூடாது. சில விலக்குகளோடு அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறதாம். எனக்கு ஊரில் இருக்கும் அண்ணன் ஞாபகம் வந்தது.

அம்மா இறந்தபோது என் விசா புதுப்பிப்பு பாதியில் நின்றது. நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் போய்விடும். மனைவியும் மகளும் இங்கே இருப்பதும் அதை நம்பித்தான். அதைச் சொல்ல வாய் வராமல், “வந்துருவேன்” என்று அண்ணனிடம் பொய் சொன்னேன். ஊரில், இராஜாக்கமங்கலத்தில், அவன் அம்மாவை ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்துக் காத்திருந்தான். வெளிநாட்டுப் பிள்ளைக்காக அப்படிக் காத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்றாம் நாள்தான் உண்மையைச் சொன்னேன். வாய்க்கரிசி போட நான் இல்லை. நான்கு வருடமாக அண்ணனோடு எந்தப் பேச்சும் அங்கேதான் போய் முடிகிறது. “அம்மை ரெண்டு நாளு உனக்காவக் கெடந்தால்லா” என்பான். நான் போனை வைத்துவிடுவேன்.

இந்த ஆடி அமாவாசையன்று, வேலைக்குக் கிளம்பும் முன் துணிந்து வீடியோவில் கூப்பிட்டேன். மோராவின் சட்டத்தைச் சொல்லி மன்னிப்பை வாங்கிவிடுவது என்று திட்டம். அண்ணன் கன்னியாகுமரிக் கடலில் அம்மாவுக்கு வாவுபலி, அமாவாசைப் பலி, இட்டுவிட்டு ஈர வேட்டியோடு நின்றான்.

“அண்ணே, நாலு வருசமா விசாரிச்சாச்சு. இனியாவது என்னை விடப்பிடாதா?”

அண்ணன் வேட்டி நுனியைப் பிழிந்தான்.

“ஏலே, நானா உன்னப் பிடிச்சு வச்சிருக்கேன்? வருசா வருசம் ரெண்டு எலை போட்டுல்லா பலி இடுதேன். ஒண்ணு எனக்க பேருக்கு, ஒண்ணு உனக்க பேருக்கு. சின்னவனும் வந்தாச்சு அம்மான்னு சொல்லிதாம் கடல்ல விடுதேன்.”

நான் அழுதேன். திட்டுவதை எப்படியோ தாங்கிவிட்டேன். எனக்காக அவன் சொன்ன பொய்யைத் தாங்க முடியவில்லை. அங்கே என் பெயரில் விட்ட எள்ளும் சோறும் அலையில் போய்க்கொண்டிருந்தன. இங்கே நான் ஒரு காலில் ஷூவோடு, மற்றக் கால் தரையில் பட்டுக் குளிர, உட்கார்ந்தே இருந்தேன்.