ஓட்டை விழாத கத்தரிக்காய்

விண்ணரசியிடம் உழவர் சந்தை அட்டை இருந்தது. புகைப்படம், சர்வே எண், கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து, எல்லாம் முறைப்படி. விவசாயம் மட்டும்தான் இல்லை.

புருஷன் சகாயநாதன் குவைத்துக்குப் போய் மூன்று வருஷம். கொல்லை வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். ஆற்றுப் படுகையில் அவர்களுடைய நிலம் கோரை மண்டிக் கிடந்தது. அவள் முதல் பஸ்ஸில் கும்பகோணம் போய் மொத்தக் கடையில் காய் வாங்கி வந்து, ஏழு மணிக்கெல்லாம் சந்தையில், “எங்க கொல்லைக் காய்!” என்று கூவிக்கொண்டிருப்பாள். கேரட், முட்டைக்கோஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். டெல்டாவில் கேரட் ஏது? அந்த மட்டுக்கு விவரமானவள்தான்.

பக்கத்துக் கடை அமிர்தத்தின் கதை தலைகீழ். கீரையும் கத்தரியும் நிஜமாகவே அவள் கை நட்டவை. நிலம்தான் வைத்தியலிங்கத்துடையது. பதினோரு வருஷமாக வாய்ப்பேச்சில் குத்தகை, காகிதம் என்று ஒரு துண்டு கிடையாது. அவருக்கு உறவுக்காரி என்று சொல்லி அட்டை வாங்கியிருந்தாள். விண்ணரசியின் வண்டவாளம் அவளுக்குத் தெரியும், அவளுடையது விண்ணரசிக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரு டீயை வாங்கிப் பாதிப் பாதி குடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார்கள்.

சந்தைக்குள் வியாபாரிகள் புகுந்துவிட்டதாக யாரோ மனுப் போட்டார்கள். ஒரு நாள் காலை அதிகாரி வந்தார். நேராக விண்ணரசியின் கடைக்கு வந்து ஒரு கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்தார். பிறகு இன்னொன்று.

“ஏம்மா, எல்லாம் ஒரே அளவா இருக்கு. ஒண்ணுலகூடப் பூச்சி ஓட்டை இல்ல. எந்தக் கொல்லையில இப்படிக் காய்க்குது?”

நல்ல காயாகப் பார்த்துப் பார்த்து வாங்கியதுதான் தப்பாகிப்போனது. கொல்லையில் பறித்தால் சின்னதும் பெரிதும் சொத்தையுமாகத்தானே வரும்? சகாயநாதனிடமிருந்து எட்டு மாதமாகத் தகவலே இல்லை. அட்டை போனால் மகள் ஜெனிட்டாவின் நர்சிங் படிப்பும் போச்சு.

“சொத்தையெல்லாம் வீட்டுல பொறுக்கிப் போட்டுட்டு வந்தேன் சார்” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “என்னைப் போய்க் கேக்குறீங்களே, இந்தப் பக்கத்துக் கடை அமிர்தத்தைக் கேளுங்க. அவ பேருல ஒரு குழி நிலம் கிடையாது. வைத்தியலிங்கத்துக்கு அவ ஒறவும் இல்ல.”

அதிகாரிக்கு அன்றைக்கு யாராவது ஒருவர் சிக்கினால் போதும். அமிர்தத்தால் காட்ட முடிந்தது காய்த்துப்போன இரண்டு கைகளைத்தான். அதற்குச் சந்தையில் மதிப்பில்லை. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு விண்ணரசிக்குச் சோறு இறங்கவில்லை. சீ, இவ்வளவுதானா நான் என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே நழுவி வெளியே வந்துவிட்டாள். சாமியாரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுமா? யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த அமிர்தம் சந்தையின் வெளிக் கேட்டருகே சாக்கை விரித்துக் காய் விற்றுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமலே விண்ணரசி பத்து நாள் போய் வந்தாள்.

பதினோராம் நாள் அமிர்தமே கூடையோடு கடைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, வெளிக் கேட்டுப் பக்கமும் உக்கார விடமாட்டேங்கிறாங்க. என் காயை உங்க கடையில வச்சு வித்துக் குடுங்க.”

விண்ணரசிக்கு முகமெல்லாம் எரிந்தது. “அமிர்தம், அன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட... நான்தான்...”

“தெரியும்க்கா. உங்க பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் விண்ணரசி பிழைத்துப்போயிருப்பாள்.

“தெரிஞ்சுமா எங்கிட்ட வந்தே?”

“வேற எங்க போறது? உங்ககிட்டதானே அட்டை இருக்கு.” அமிர்தம் கூடையை இறக்கி வைத்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கீரை வாடிடும், தண்ணி தெளிச்சு வைங்க.”