சீனம் என்று போடப்பட்ட இருபத்துமூன்று வரிகள்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஆண்டு முடிவில் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக ஒரு நாட்காட்டி கொடுப்பார்கள். தினமும் ஒரு தாளைக் கிழிக்க வேண்டும். நடுவில் தேதி, பக்கத்தில் பாரிஸ் நேரத்துக்குக் கணித்த இராகுகாலம், அடியில் ஒரு பழமொழி. அந்த அடிவரியைச் சேர்த்துக் கொடுத்தவர் என் அப்பா. அச்சகத்தில் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் தட்டச்சுச் செய்வதுதான் அவருடைய வேலை. ஐப்பசி தொடங்கிவிட்டால் வரிகள். முந்நூற்று அறுபத்தைந்து வேண்டும், ஒன்றும் இருமுறை வரக்கூடாது, ஒவ்வொன்றின் கீழும் அது எங்கிருந்து வந்தது என்று சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் தமிழ்ப் பழமொழி என்று இருக்கும். சிலவற்றில் சீனப் பழமொழி என்று இருக்கும்.

சென்ற மாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. பேச்சும் போனது. நாங்கள் சொல்வது ஓரளவு விளங்குகிறது, ஆனால் ஒரு வாக்கியத்தை அவரால் கட்ட முடியாது என்று மருத்துவர் சொன்னார்.

நாங்கள் இருக்கும் புறநகரான கார்ஜில் பேச்சுப் பயிற்சிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் அவரை எடுத்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். முதல் நாள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார். அப்பா தமிழில் எண்ணினார், தடங்கலே இல்லை. அடுத்து பிரெஞ்சுப் பழமொழிகளின் முதற்பாதியைச் சொல்லி மீதியைச் சொல்லச் சொன்னார். அப்பா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் மொழியில் இப்படி ஏதாவது அவருக்குத் தெரியுமா?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

“அதுதான் அவருடைய வேலை” என்றேன்.

அவர் உடனே எச்சரித்தார். பழமொழி, எண்கள், பிரார்த்தனை, சுகம் விசாரிப்பது, இவையெல்லாம் தாமாக வருபவை. பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லி எங்கோ பதிந்தவை. அவை வருவதைப் பேச்சு என்று எண்ண வேண்டாம். “அவராகக் கட்டிய ஒரு வாக்கியம் வந்தால் எனக்குச் சொல்லுங்கள். அதுதான் பேச்சு. பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் வர வேண்டும்.”

அன்றிலிருந்து எனக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

பயிற்சி முடிந்து அவரைக் கடைத்தெரு வழியாகக் கூட்டிப்போவேன். மரக்கறிக் கடைக்காரர் வாசலில் நின்று, “அண்ணை, எப்பிடிச் சுகம்?” என்பார். அப்பா, “சுகம், சுகம். நீங்கள் எப்பிடி?” என்பார். அவர் என் பக்கம் திரும்பி, “நல்லாத்தானே கதைக்கிறார் பிள்ளை. சும்மா பயப்பிடுறியள்” என்பார். நான் ஓம் என்று மட்டும் சொல்வேன். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அப்பாவிடம் பதில் இருந்திருக்காது.

மென்பொருளைப் பரிசோதிப்பது என் தொழில். என்ன வர வேண்டும், என்ன வந்தது, சரியா பிழையா என்று மூன்று பத்திகளில் எழுதுவோம். அப்பாவின் பையில் பழைய நாட்காட்டிக் கோப்புகள் இருந்த ஒரு பென்டிரைவ் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, திரும்ப வந்தவற்றை நீக்கி, அதேபோல ஒரு அட்டவணை செய்தேன்; எங்கிருந்து வந்தது என்பதற்கு மூலம் என்று ஒரு பத்தியும் கூட்டினேன். காலையில் வேலைக்குப் போகுமுன், தேநீரோடு பத்து வரிகள். நான் முதற்பாதி, அவர் மறுபாதி.

“இண்டைக்கு எத்தினை?” என்று அம்மா தேநீர் ஊற்றியபடி குசினியிலிருந்து கேட்பாள்.

“எட்டு.”

“நேற்று ஒன்பதெல்லோ?”

“நேற்று வேறை பத்து அம்மா.”

“முப்பது வருசமா இந்த மனிசன் என்னோடை பத்து வசனம் கதைக்கேல்லை. இப்ப பட்டியல் போட்டுக் கதைக்கிறார்.”

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் அட்டவணையில் ஓர் இடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன், கொடுக்கவில்லை.

ஆறு வாரத்தில் ஒன்று தெளிவானது. தமிழ் என்று போட்டவற்றுள் நான் கேட்டவை ஏறக்குறைய எல்லாம் வந்தன. சீனம் என்று போட்டவை இருபத்துமூன்று, ஒன்றுகூட வரவில்லை. ஒவ்வொன்றையும் ஐந்து தடவையாவது சொல்லியிருப்பேன். பூச்சியம். எங்கள் தொழிலில் இப்படிச் சுத்தமான பூச்சியத்தைக் கண்டால் கருவியைச் சந்தேகிக்க மாட்டோம், கொடுத்த தரவைத்தான் சந்தேகிப்போம். மொழிபெயர்ப்பு பிழையாக இருக்கும், அவர் வேறு சொற்களில் பாடமாக்கியிருப்பார், மூலத்தைக் கண்டுபிடித்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல நினைப்பு அது.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி சீனாவில் பிறந்து வளர்ந்தவள். இருபத்துமூன்றையும் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். மதிய இடைவேளையில் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தாள். வாசித்து முடிக்குமுன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

“இதில் ஒன்றும் எங்களுடையது இல்லை. சீனாவில் செய்யப்படாத ஒரே சீனப் பொருள் இதுதான்.”

ஐரோப்பாவில் யாருடையது என்று தெரியாத எல்லா வரியையும் சீனர்களின் தலையில் கட்டிவிடுகிறார்கள், சாக்லேட் உறையில்கூட அப்படி ஒன்றைக் கண்டிருக்கிறேன் என்றாள். உண்மையானவற்றுள் பல நான்கே எழுத்துகள் கொண்டவை. அவற்றை மட்டும் வாசித்தால் ஒன்றும் விளங்காது, பின்னால் ஒரு கதை இருக்கும். ஒருவன் ஆற்றைக் கடக்கும்போது அவன் வாள் நீரில் விழுந்துவிடுகிறது. விழுந்த இடத்தைத் தெரிந்துகொள்ளப் படகின் விளிம்பில் ஒரு கீறு போடுகிறான். கரை வந்ததும் அந்தக் கீறுக்கு நேரே இறங்கித் தேடுகிறான். இன்னொருவன் நாற்று வளரவில்லை என்று கவலைப்பட்டு ஒவ்வொன்றையும் கொஞ்சம் மேலே இழுத்துவிடுகிறான். களைத்து வீட்டுக்கு வந்து, இன்று பயிருக்கு உதவி செய்தேன் என்கிறான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் வாடிக் கிடக்கின்றன. பல அரசுகள் தங்களுக்குள் போரிட்ட காலத்தில் இப்படிக் கதை சொல்லித்தான் அரசர்களோடு வாதாடினார்களாம். வாள் கதை, பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு புதிய காலத்தை ஆள முடியாது என்று சொல்ல வந்தது. இன்று பிடிவாதக்காரர் யாரைப் பற்றியும் அதைச் சொல்லலாம்.

“கதை போய்விட்டால்?” என்று கேட்டேன்.

“நாலு எழுத்து மிஞ்சும்.” பிறகு பட்டியலில் பதினோராவதைத் தொட்டாள். “இதைப் பார். அலுவலகத்தில் எண்சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருப்பது. எந்தப் பழைய அரசனிடம் எண்சீட்டு இருந்தது?”

நான் அதைக் கவனிக்கவில்லை. பரிசோதிப்பது என் தொழில், ஆறு வாரமாகத் தினமும் வாசித்தவள், கவனிக்கவில்லை. மூன்று வரிகள் பனியைப் பற்றியவை. ஒன்று இல்லாத வீட்டின் சாவியைப் பற்றியது. பத்தொன்பதாவது, தகப்பன் ஒரு மொழியில் கேட்க வேறொரு மொழியில் பதில் சொல்லும் பிள்ளையைப் பற்றியது.

அன்று மாலையே அச்சகத்துக்குப் போனேன். முதலாளி ஒரு பூப்புனித நீராட்டு விழாக் கார்டின் நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“அங்கிள், கலண்டரிலை சீனப் பழமொழி எண்டு போட்டதுகள் எங்கையிருந்து எடுத்தது?”

“ஆர் கேக்கினம்? சீனாக்காரரோ?”

“நான்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு வருசம் இருபத்துமூண்டு தாள் வெறுமையாக் கிடந்தது பிள்ளை. அடுத்த நாள் அச்சுக்குப் போகோணும். உன்ரை அப்பா மத்தியானம் சாப்பிடாமல் இருந்து எழுதினார். ஆரின்ரை பேரைப் போடுறது அண்ணை எண்டு கேட்டன். என்ரை எண்டு போட்டால் சனம் சிரிக்கும், சீனம் எண்டு போடு, இஞ்சை ஆர் வந்து கேக்கப்போயினம் எண்டார். பிறகு ஒவ்வொரு வருசமும் அதுகளைத் திகதி மாத்தி மாத்திப் போட்டனாங்கள்.”

“ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“கேட்கிறதோ? சனத்துக்கு நல்லாப் பிடிச்சது. ஒரு மனிசி சாவித் தாளை வெட்டித் தன்ரை கடையிலை ஒட்டி வைச்சிருக்கிறா. என்ன இருந்தாலும் சீனாக்காரற்றை மூளை மூளைதான் எண்டு எனக்கே சொன்னவ.” சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “ஏன் பிள்ளை, அவருக்கு அதுகள் ஞாபகம் வரேல்லையோ?”

ரயிலில் வரும்போது எனக்கு எல்லாம் ஒழுங்காக விளங்கியது, அதுதான் கொடுமை. வந்த வரிகள் எல்லாம் ஊர் முழுதும் சொல்லிப் பதிந்தவை. வராத இருபத்துமூன்றும் அவராகக் கட்டியவை. தரவில் பிழை இல்லை. நான் தேடிய அந்த ஒரு வாக்கியம் ஏற்கெனவே இருபத்துமூன்றாக என்னிடம் இருந்தது, போனவை சரியாக அவைதான். பத்தொன்பதாவது வரி எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு நாள் தொங்கியிருக்கும். அதற்குக் கீழே நின்று நான் அப்பாவுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்லியிருப்பேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர், இதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. சீனம் என்று போட்டுவிட்டு இருந்திருக்கிறார்.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். “அவற்றில் ஒன்று வந்தால் பெரிய விஷயம்” என்றார். “வந்தால்” என்பதை இரண்டாம் முறையும் சொன்னார்.

அதன் பிறகு அட்டவணையில் இருபத்துமூன்று மட்டும்தான். மூலம் என்ற பத்தியில் சீனம் என்பதை அழித்து அப்பா என்று போட்டேன். காலையில் முதற்பாதியைச் சொல்லிக் காத்திருப்பேன். அவர் என் வாயைப் பார்ப்பார். வேனிலும் இலையுதிர்காலமும் அப்படியே போயின. நாற்றை இழுத்தவன் சில காலைகளில் ஞாபகத்துக்கு வந்தான். நான் நிறுத்தவில்லை.

மார்கழியில் முதலாளி புதிய நாட்காட்டியை அனுப்பியிருந்தார். அம்மா அதைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் முன்னால் இருந்து, இந்த முறை பாதியாக இல்லாமல் பத்தொன்பதாவதை முழுவதுமாக வாசித்தேன். மெதுவாக, தமிழில். வாசித்துவிட்டு, “அப்பா, இது ஆர் எழுதினது?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். முகத்தில் ஏதோ அசைந்தது. பிறகு தடங்கலே இல்லாமல், பழைய குரலில் சொன்னார்:

“சீனப் பழமொழி.”

அம்மா ஆணியை விட்டுவிட்டுத் திரும்பினாள். “சொல்லிப்போட்டார். பாத்தியே, சொல்லிப்போட்டார்.”

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சரியாகச் சொன்னவரின் முகம். ஒவ்வொரு ஆண்டும் இருபத்துமூன்று தடவை தட்டச்சுச் செய்த இரண்டு சொற்கள்.

“என்ன போட்டனீ? சரியோ, பிழையோ?” என்று அம்மா கேட்டாள்.

“சரி எண்டு போட்டிருக்கிறன்.”

அந்தக் கேள்விக்கு, என்ன வர வேண்டும் என்ற பத்தியில் அப்பா என்று போட்டிருந்தேன். என்ன வந்தது என்பதில் அவர் சொன்னதை எழுதினேன். சரியா பிழையா என்ற மூன்றாவது பத்தி வெறுமையாக இருக்கிறது. தை மாதத்தோடு பயிற்சியை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள்.