பாதி கவுன்சில், பாதி அகாடமி

க்ளெண்டா ஸ்டப்ஸுக்கு வேலை இரண்டு. காலையிலும் மாலையிலும் பள்ளி வாசலில் மஞ்சள் அங்கியும் தொப்பியுமாக நடுரோட்டில் இறங்கி, 'நில்' என்று எழுதிய வட்டத் தட்டுக் கழியை நீட்டி, வண்டிகளை மறித்துப் பிள்ளைகளைக் கடக்க விடுவாள். மதியம் அதே பள்ளியின் மைதானத்தில் சாப்பாட்டு நேரக் காவல்: சிராய்ப்புக்கு ஈரத்துணி, சண்டைக்குப் பஞ்சாயத்து, ஒழுகும் மூக்குக்குக் காகிதம். நிலக்கரிச் சுரங்கம் மூடிப் போன, இங்கிலாந்தின் தெற்கு யார்க்ஷயர் ஊர் அது. சுரங்கத்தில் வேலை போனதிலிருந்து அவள் புருஷன் ராய் வீட்டில்தான் இருந்தான். இரண்டு வேலை வைத்திருப்பவளை அங்கே கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் தலைமையாசிரியை ஜூடித் வெயின்ரைட்டுக்கு ஞானம் பிறந்தது. பள்ளி உள்ளாட்சி கவுன்சிலின் கையிலிருந்து விடுபட்டு, தனி அறக்கட்டளை நடத்தும் அகாடமி ஆகப்போகிறது, 'ஒளிச்சிகரம்' அறக்கட்டளையில் சேரப்போகிறது என்று அறிவித்தாள். அறக்கட்டளை என்றதும் அன்னதானம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊர் ஊராகப் பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு போகும் நிறுவனம் அது. அதன் தலைவர் டேமியன் கிராஸ்லி எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசித்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஊழியர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு கூட்டம் போட்டார்கள். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார்கள். பள்ளி அமர்த்தியிருந்த வக்கீல் ஃபிலிப்பா ஹேஸல்டைன் எழுந்தாள். வேலைச் சட்டத்தில் கெட்டிக்காரி; இப்படி மாறுகிற பள்ளிகளுக்கு ஆலோசனை சொல்வதே தொழில்.

"முதலாளி மட்டுந்தான் மாறுறாங்க. உங்க சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் அப்படியே கூட வரும். சட்டம் பாதுகாக்குது. எதுவுமே மாறாது."

பிஸ்கட் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்த க்ளெண்டா கையைத் தூக்கினாள். "எதுவுமே மாறாதுன்னா, அதைச் சொல்ல எதுக்கு கண்ணு இத்தனை பேர் கோட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?"

சிரிப்பு அடங்க நேரமானது. ஃபிலிப்பாவும் சிரித்துவிட்டாள். அப்புறம் க்ளெண்டா தன் சந்தேகத்தைக் கேட்டாள். "மத்தியானம் நான் பள்ளிக்கூடத்து ஆளு. ரோட்டுல கவுன்சில் ஆளு. இப்ப நான் போறேனா, இருக்கேனா?"

ஃபிலிப்பா காகிதங்களைப் புரட்டினாள். "உங்க மதிய வேலை அறக்கட்டளைக்குப் போகுது. ரோட்டு வேலை கவுன்சில்லயே இருக்கும்."

"அப்ப என்னைப் பாதியா வெட்டுறீங்க."

"சட்டப்படி... ஆமா."

வீட்டில் ராய் விழுந்து விழுந்து சிரித்தான். "எந்தப் பாதி எவனுக்கு? வாய் இருக்கிற பாதி யாருக்குப் போச்சோ அவன் பாவம்!"

"பேசாம டீயைக் குடி ராய்."

அவளும் சிரித்தாளே தவிர, உள்ளூரப் பயந்துதான் போயிருந்தாள். முதலாளி மாறுவது எதில் கொண்டுபோய் விடும் என்று சுரங்கக்காரன் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதுவும் மாறாத பள்ளியில் முதலில் பலகை மாறியது. பிறகு பெயர்கள் மாறின. ஜூடித் 'செயல் முதல்வர்' ஆனாள். சமையல்காரி 'ஊட்டச்சத்து வழிநடத்துநர்' ஆனாள்; குழம்பு மட்டும் பழைய குழம்புதான். க்ளெண்டாவைப் போன்ற மதியக் காவல்காரிகள் 'நண்பகல் அனுபவத் துணைவர்கள்' ஆனார்கள், கழுத்தில் ஊதா நாடாவோடு.

திறப்பு விழாவன்று காலை, பிள்ளைகள் கடக்கும் நேரத்தில் கிராஸ்லியின் பெரிய கறுப்புக் கார் வந்தது. க்ளெண்டா கழியை நீட்டினாள். பிள்ளைகள் கடந்தார்கள். கார் மெல்ல முன்னால் ஊர்ந்தது. அவள் நகரவில்லை. தூரத்தில் நொண்டி நாயை இழுத்துக்கொண்டு திருமதி ஓல்ட்ராய்ட் வந்துகொண்டிருந்தாள்.

"வாங்க கண்ணு, அவசரமே இல்ல! நாய் மோந்து முடிக்கட்டும்!"

கிராஸ்லி கண்ணாடியை இறக்கினார். "மேடம், உள்ளே விழா எனக்காகக் காத்திருக்கு. நான் யாருன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. மத்தியானம் நீங்க என் முதலாளி. இப்ப நான் கவுன்சில். நில்லுங்க."

நாய்க்காகக் கழியைப் பிடித்தது கடமையால் அல்ல, கொழுப்பால்தான் என்று அவளே ராயிடம் ஒப்புக்கொண்டாள். ஆனால் கிராஸ்லி செய்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். பொறுமை இழந்து, அவளைச் சுற்றி வளைத்துக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நீட்டிய கழியைத் தாண்டிப் போவது அந்த நாட்டில் குற்றம். வாசலில் நின்ற தாய்மார்கள் அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது.

மறுநாள் மதியம் க்ளெண்டாவை ஒழுங்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் கிராஸ்லியும் ஜூடித்தும், பக்கத்தில் ஃபிலிப்பா. இந்தப் பக்கம் க்ளெண்டாவும் தொழிற்சங்கத்துக்காரர் பாப் நெட்டில்டனும்.

"அறக்கட்டளைத் தலைவரை அவமதிச்சது கடுமையான ஒழுங்கீனம்" என்று ஜூடித் ஆரம்பித்தாள்.

ஃபிலிப்பா தொண்டையைச் செருமினாள். "மன்னிக்கணும். அந்த நேரத்துல அவங்க உங்க ஊழியர் இல்லை."

"அந்த மஞ்சள் அங்கிக்குள்ள இருந்தது அதே ஆள்தானே?" என்றார் கிராஸ்லி.

"ஆள் ஒண்ணு, முதலாளி ரெண்டு. கவுன்சில்தான் விசாரிக்கணும். கவுன்சில் விசாரிச்சா..." குரலைத் தாழ்த்தினாள். "கார் விஷயமும் வெளியே வரும் சார்."

பாப் கூரையைப் பார்த்தபடி சீட்டியடித்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது. பள்ளியை விட்டுக்கொடுத்ததில் ஏற்கெனவே எரிச்சலில் இருந்த கவுன்சிலோ, முந்தின நாளே கிராஸ்லி அனுப்பியிருந்த புகாரைப் படித்துவிட்டு க்ளெண்டாவுக்குப் புது மழைக்கோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பியது. தாய்மார்கள் எடுத்த படம் போலீஸுக்குப் போய், கிராஸ்லிக்கு அபராதம் வந்தது.

ஆனால் அறக்கட்டளைகள் தோற்பதில்லை, மறுசீரமைக்கும். வசந்தகாலத்தில் மதிய இடைவேளையைப் பாதியாகக் குறைத்தார்கள். அதனால் துணைவர்களும் பாதிப் பேர் போதும். இருக்கிற வேலைக்கே எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஃபிலிப்பா இந்த முறை முறையான காரணங்களோடு, முறையான கலந்தாலோசனையோடு வந்திருந்தாள். ஒரு ஓட்டையும் இல்லை. தாழ்வாரத்தில் க்ளெண்டாவைத் தனியாகப் பார்த்து, "நீங்க விண்ணப்பிங்க, ப்ளீஸ். உங்களுக்குக் கிடைக்கும்" என்றாள்.

"எனக்குக் கிடைச்சா, கூட வேலை பாக்குற டெனிஸுக்கு வேலை போயிடும். அவ புருஷன் படுத்த படுக்கை. நீ நல்ல பொண்ணு கண்ணு. தப்பான இடத்துல நல்லா வேலை செய்யற."

க்ளெண்டா ஊதா நாடாவைக் கழற்றி ஃபிலிப்பாவின் கையில் திணித்துவிட்டு வந்தாள்.

அவள் விண்ணப்பிக்கவில்லை; ரோட்டு வேலை மட்டும் அவளிடம் மிஞ்சியது. மதியத்தில் ராயோடு உட்கார்ந்து சீஸ் ரொட்டி தின்னப் பழகிக்கொண்டாள். அவன் மெல்லும் சத்தம் இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியாது. பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான். காற்று இந்தப் பக்கம் வீசினால் மைதானத்து இரைச்சல் சன்னலுக்குள் வரும். ஒருநாள் அதில் ஒரு குழந்தையின் அழுகை தனியாகக் கேட்டது. அவள் பாதி எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சன்னலைச் சாத்தட்டுமா?" என்றான் ராய்.

"வேண்டாம், விடு" என்றாள். அழுகை நிற்கிறவரை நின்றுகொண்டே இருந்தாள்.