ஒன்பது பூச்சு

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் என் அறையில் ஒரு ஜீப் சக்கரம் இருந்தது. ஜீப் கிடையாது, சக்கரம் மட்டும். ராணுவத்தார் கழித்துப் போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்து வந்தேன். மாடிப்படியில் அதை மூச்சு வாங்க ஏற்றிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக்காரர், "மிச்சம் மூணும் எப்போ வருது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பதையே ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா வேலை. மனைவி முதல் பிரசவத்திலேயே பிள்ளையோடு போய்விட்டாள். சாத்தான்குளத்தில் அக்கா வீடு இருந்தது. போனால் பெண் பார்க்கிற பேச்சு எடுப்பாள் என்று போவதை நிறுத்திவிட்டேன். வார நாட்கள் ஆபீஸில் கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் கழுத்தை அறுக்கும். அதற்காகவே சிறிய கப்பல்கள் செய்யப் பழகினேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போடும் கப்பல்களைப் பார்த்து அளவெடுத்து, இருபதடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, சுருட்டுப் பெட்டிப் பலகையில் செய்வேன். செய்து அலமாரியில் வைப்பேன். பார்க்க ஆள் கிடையாது.

தூரிகையால் பூசினால் சிறிய கப்பலில் மயிர்க்கோடு விழும். பெரிய கப்பலில் அது தெரியாது, சிறியதில் கேவலமாக இருக்கும். மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து ஏர்பிரஷ் ஒன்று என் கைக்கு வந்தது. பேனா மாதிரி பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினால் பெயின்ட் புகையாகப் போய் உட்காரும். ஆனால் அதற்கு விடாமல் காற்று வேண்டும். துறைமுகப் பட்டறையில் கம்ப்ரஸர் உண்டு, எருமை மாடு கணக்காகப் பெரியது. எனக்கு ஜீப் சக்கரம்தான் கம்ப்ரஸர். வால்வில் பித்தளை மும்முனைக் குழாயைப் பொருத்தி, ஒரு முனையில் கால் பம்பும் இன்னொரு முனையில் ஏர்பிரஷும் மாட்டினேன். பத்து நிமிஷம் மிதித்துக் காற்றை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், ஒரு கப்பலை ஒரு சுற்று அடித்து முடிக்கலாம். தனி ஆளாகவே முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் அவரிடம் வேறு மாதிரி சொன்னேன்.

அவர் காயல்பட்டினத்துக்காரர், ஒரு கிட்டங்கியில் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ரசீது வாங்க ஆபீஸுக்கு வந்தவர் என் மேஜையில் பேப்பர் பறக்காமல் வைத்திருந்த சிறிய இழுவைப் படகைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, இதுல பிரஷ் பட்ட தடமே இல்லையே?" என்றார். அலமாரி நிறையக் கப்பல் வைத்திருந்தவனிடம் முதன்முதலாகக் கேட்கப்பட்ட சரியான கேள்வி அது. ரசீதைக் கொடுப்பதற்கு முன்னாலேயே என் அறை விலாசத்தை எழுதிக் கொடுத்து வரச் சொன்னேன். அசட்டுத்தனம்தான், ஆனால் உண்மை.

மறு ஞாயிறு ஒரு துணி மூட்டையோடு வந்தார். உள்ளே ஒரு தோணி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல், பூவரசு மரம். அவருடைய வாப்பா அந்தத் தோணியில் இருபத்தைந்து வருஷம் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, கொழும்புக்கு ஓட்டியவர். தோணி யுத்த காலத்தில் கைமாறி எங்கேயோ போய் உடைந்துவிட்டது. இப்போது வாப்பாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. திருநெல்வேலி டாக்டர் தை மாதத்தைத் தாண்டாது என்று கையை விரித்துவிட்டார். "கண்ணு இருக்கும்போதே அந்தத் தோணிய இன்னொரு வாட்டி பாத்துரணும்னு சொல்லுதாவ" என்றார் அவர். அதற்காக ஒரு வருஷமாகச் செதுக்கியிருந்தார். தோணியின் இரு பக்கத்திலும் பலகையும் பலகையும் சேரும் இடத்திலெல்லாம் காம்பஸ் முள்ளால் கோடு கீறி, ஆணி இருந்த இடமெல்லாம் ஒரு குத்துக் குத்தியிருந்தார். என் கப்பல் ஒன்றில்கூட அந்த வேலை கிடையாது. பொறாமையாக இருந்தது, அதைவிட அதிகமாக, அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சந்தோஷமாக இருந்தது.

"பெயின்ட் மட்டும் நீங்க அடிச்சுத் தாங்க" என்றார்.

"அடிக்கலாம். ஆனா ஒருத்தர் மிதிச்சாத்தான் ஒருத்தர் அடிக்க முடியும். ஞாயித்துக்கிழமை வாரியளா?"

அவருக்கும் லீவு ஞாயிறு மட்டும்தான். அன்றைக்குத்தான் அவர் பஸ் ஏறி ஊருக்குப் போய் வாப்பாவைப் பார்ப்பது வழக்கம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாப்பாவுக்காகத்தானே, வாரேன்" என்றார்.

புரட்டாசியில் ஆரம்பித்தோம். முதல் பூச்சு சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு. இரண்டாவது நீலம், அதில்தான் சறுக்கினேன். பெயின்ட் கலக்க நான் வைத்திருந்தவை முத்துச்சிப்பி ஓடுகள். எங்கள் கடற்கரையில் காலில் இடறுகிற சாமான். உள்பக்கம் வழவழப்பு, காய்ந்த பெயின்ட் உரித்தால் வந்துவிடும். நீலத்தில் வெள்ளையும் ஒரு பொட்டுக் காவியும் சேர்த்து, தின்னர் விட்டுப் பால் பதத்துக்கு இளக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். ஓட்டில் பார்த்தபோது அவர் சொன்ன நீலமேதான். மரத்தில் ஏறியதும் செத்துப்போயிருந்தது. சிப்பியின் பளபளப்பு அடியிலிருந்து நிறத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறது. வேறு ஊர்க்காரன் பீங்கானில் கலந்திருப்பான், தப்பித்திருப்பான்.

மூன்றாவது பூச்சு ஐப்பசி மழையில் அடித்தது. ஈரக் காற்றில் அந்தப் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும் என்று தெரிந்தும் அவசரப்பட்டேன். பம்பு இழுத்த காற்றிலேயே தண்ணீர், ஏர்பிரஷ் துப்பியது. தோணி முழுக்க வெள்ளை பூத்தது. என் மேல் எனக்கே எரிச்சல் வந்து பம்பை ஓர் உதை உதைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "அத உதைக்கிறது என் வேலையில்லா?" என்றார். குழாயின் நடுவில் பஞ்சு அடைத்த ஒரு பாட்டிலை வைத்து ஈரத்தைப் பிடித்தோம். ஐப்பசி கடைசி ஞாயிறு வெயில் அடித்தது. அன்று நாலாவது பூச்சு.

அது சரியாக வந்துவிட்டது. உப்பும் வெயிலும் தின்ற பழைய தோணி நீலம். அவர் அதைச் சுற்றி வந்து இரு பக்கமும் குனிந்து பார்த்தார். பிறகு, "முடிஞ்சிருச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

முடிந்துவிட்டது. மூட்டையில் கட்டி எடுத்துக்கொண்டு போகலாம், போனால் அடுத்த ஞாயிறு வரமாட்டார். அந்த ஆறு வாரமும் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்து நான் சனிக்கிழமையே அறையைக் கூட்டி வைத்தேன். இரண்டாவது டம்ளர் ஒன்று வாங்கியிருந்தேன். "இல்ல, இன்னும் ஒரு பூச்சு வேணும்" என்றேன். என் வாய்க்கு அது வெகு சுலபமாக வந்தது.

ஐந்தாவது, நிறம் நிற்பதற்கு. ஆறாவது, ஐந்தாவதில் தூசி விழுந்ததற்கு. ஏழாவதுக்கு என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. தொழில் தெரிந்தவன் சொல்லும் காரணத்தைத் தெரியாதவன் எப்படி மறுப்பான்? அவர் மிதித்தார், நான் அடித்தேன். மிதித்துக்கொண்டே ஊர்க் கதை, கடல் கதை, தனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் கதை எல்லாம் சொல்லுவார். மதியம் பரோட்டா வாங்கி வருவார். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்ததில்லை.

ஏழாவது பூச்சன்று பம்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உம்மா ஆள்கிட்ட சொல்லி விட்டிருக்காவ. வாப்பாவுக்கு இப்ப நெழலாத்தான் தெரியுதாம். இப்படியே எடுத்துட்டுப் போயிரட்டுமா?"

"ஒரு வருசம் பாடுபட்டுட்டு அரைகுறையாவா காட்டப் போறிய?" என்று கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். இந்த இடத்தை எழுதும்போது கை கூசுகிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை, தெரிந்துதான் செய்தேன்.

மார்கழி முதல் ஞாயிறு ஒன்பதாவது பூச்சு. இனிமேல் சொல்ல என்னிடம் காரணமே மிச்சமில்லை. அடுத்த ஞாயிறு, "நீங்களும் வாங்க, நீங்கதான் கையில குடுக்கணும்" என்று அவர் பிடிவாதமாக என்னையும் அழைத்துப் போனார். ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் மடியில் தோணியை வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "அண்ணாச்சி அடிச்ச பெயின்ட்" என்றார்.

வீட்டு முன்னறையில் அவருடைய வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அகலமான தோள். கண் திறந்திருந்தது, எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் தோணியை அவர் கையில் வைத்தேன். முன்பக்கத்தைத் தடவினார், பாய்மரத்தை அளந்தார், முகம் மலர்ந்தது. பிறகு விரல்கள் பக்கவாட்டில் இறங்கி, ஒரு தரம் போய், திரும்பி வந்து, மறுபடி போயின.

"ஏலே, பலகை எங்க?"

"இருக்கு வாப்பா, ஒவ்வொண்ணாக் கீறியிருக்கேன்."

நகத்தால் தேடினார். "இல்லையேலே. ஒரே வழவழன்னு போகுது. ஆணிகூட இல்ல."

மகன் குனிந்து தானும் தடவிப் பார்த்தார். அவர் விரலுக்கும் ஒன்றும் அகப்படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பூச்சு மேல் பூச்சாக அடித்து, ஒரு வருஷம் அவர் கீறிய கோடுகளை நான் அடைத்திருந்தேன். கண்ணுக்கு இலேசாகத் தெரிந்தன. விரலுக்குத் தெரியவில்லை.

"எத்தன பூச்சுலே?"

"ஒம்பது வாப்பா."

"ஒம்பதா! எதுக்கு? ரெண்டு பூசிட்டு நான் கொழும்புக்கு வருசம் பூரா ஓட்டியிருக்கேனே."

மகன் என்னைப் பார்த்தார். நான் விளக்குவேன் என்று நம்பிக்கையோடு பார்த்தார். ஈரக் காற்று, தூசி, பதம் என்று எத்தனையோ இருந்தது, நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய உம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "போன மாசம் கார்த்திகை மழை பெய்யிற வரைக்கும் நெறம் தெரிஞ்சுதே. கிணத்தடியில காயுற சீலையப் பாத்து, பச்சைன்னு சொன்னாவளே."

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரங்களை மனதுக்குள் எண்ணுகிறார் என்று புரிந்தது. வாப்பா என் சங்கடத்தை எப்படியோ உணர்ந்தவர்போல், "பாக்குறவங்களுக்கு அழகாத்தான் இருக்கும், இல்லையா?" என்று என் பக்கம் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

பஸ் ஏற்றிவிட அவர் கூடவே வந்தார். தான் அன்றைக்கு ஊரில் தங்கப் போவதாகச் சொன்னார். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அண்ணாச்சி, நாலாவது பூச்சுலயே முடிஞ்சிருச்சு, இல்லையா?"

"ஆமா" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்பார் என்று காத்திருந்தேன். பஸ் வந்தது. "ஏறுங்க, முன்னால எடம் இருக்கு" என்றார்.