எதிராளி தலையாட்டும்வரை

பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் 'ஏன்' டீச்சர். மேல்வகுப்புகளுக்குத் தத்துவம் எடுப்பவர். தத்துவம் என்றால் தாடியும் பெருமூச்சும் என்று நம்பி வருகிறவர்களுக்கு முதல் நாளே ஏமாற்றம்தான். ஆள் குள்ளம், குரல் மட்டும் அடுத்த வகுப்புவரை போகும்.

சின்ன வயதில் அவரும் அண்ணனும் கீரியும் பாம்பும். பஞ்சாயத்துக்குப் போனால் அம்மா துணி மடித்துக்கொண்டே, "முதல்ல அவன் பக்கத்தை நீ சொல்லு. அவன் 'ஆமா'ன்னு சொன்னா, உன் பக்கத்தைக் கேக்கறேன்" என்பார். பாதிச் சண்டை அங்கேயே புஸ்ஸென்று போய்விடும். அதே வழக்கம்தான் வகுப்பிலும். பொய் சொல்வது எப்போதும் தப்பா என்று வாதம் வந்தால், எதிராளியின் கட்சியை அவனே தலையாட்டும்படி சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். "இதுக்கு ரெண்டு அடியே வாங்கிக்கறேன் டீச்சர்" என்று ஒருத்தன் கெஞ்சியதும் உண்டு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பீரியட் மேல் கணக்கு சாரின் கண் விழுந்தது. பிள்ளைகள் கணக்கில் கோட்டை விடுகிறார்களே, தத்துவத்தைத் தூக்கிவிட்டு அந்த நேரத்தை எனக்குக் கொடுங்கள் என்றார். ஸ்டாஃப் ரூமில் ஹெச்.எம். கூட்டம் போட்டார். பாடம் போனால் 'ஏன்' டீச்சருக்கு மிஞ்சுவது நூலக அலமாரியைத் தூசி தட்டுவதுதான்.

"நீங்களே முதல்ல பேசுங்கக்கா" என்றார் கணக்கு சார், பெரிய மனசோடு.

'ஏன்' டீச்சர் எழுந்தார். பழக்கதோஷம், யாரை விட்டது! எதிராளி கட்சியில் தொடங்கிவிட்டார். கணக்கில் தோற்றால் மேற்படிப்புக் கதவு சாத்திக்கொள்ளும், தத்துவத்தில் தோற்றால் எந்தக் கதவும் சாத்தாது. பசித்த வீட்டுக்கு முதலில் வேண்டியது வேலை, அப்புறம்தான் கேள்வி. கேட்கக் கேட்கக் கணக்கு சார் தலை தன்னால் ஆடியது.

"அப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்க" என்று ஹெச்.எம். பேனாவைத் திறந்தார்.

'ஏன்' டீச்சருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ மேடம், அது அவர் கட்சி! நான் இன்னும் என் கட்சிக்கே வரல!"

அறையே சிரித்தது. கணக்கு சார் மட்டும் சிரிக்கவில்லை.

"எழுதாதீங்க மேடம். நான் சொல்ல வந்ததைவிட நல்லாவே சொல்லிட்டாங்க. அந்தப் பசி விஷயம் எனக்கே தோணல. அவங்க கட்சியை நான் சொல்லாம ஜெயிச்சா அது அழுகுணி ஆட்டம்."

"சரி, சொல்லுங்க" என்றார் ஹெச்.எம்.

"தத்துவம் எதுக்குன்னா... அது வந்து... பிள்ளைங்க..." கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அக்கா தலையாட்டற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியல மேடம்."

"என்னன்னே தெரியாததையா தூக்கச் சொன்னீங்க? தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் பீரியட் அவங்களுக்குத்தான்."

அடுத்த வகுப்பில் பிள்ளைகளை நெருக்கித் தள்ளிக்கொண்டு கடைசி பெஞ்சில் கணக்கு சார்! கொஞ்ச நேரத்திலேயே முந்திரிக்கொட்டையாகக் கை தூக்கினார்.

"இருங்க சார். அவன் முடிக்கட்டும்" என்று அவரை அடக்கிவிட்டு, பாதியில் திக்கி நின்ற பையன் பக்கம் திரும்பினார் 'ஏன்' டீச்சர். "நீ சொல்லுப்பா, அவசரமே இல்ல."