மலைக்குப் போனவர்

என் கணவர் இறந்த பிறகும் வெகுநாள் திருப்பதி மலையில்தான் இருந்தார். அவரை அங்கே வைத்திருந்தது நான்தான்.

எங்களுடையது பொடி வியாபாரம். சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவே, ஆந்திர எல்லைக்குள் குடிபாலா பக்கத்தில் வீடு. பின்பக்கக் கொட்டகையில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வேர்க்கடலைப் பொடி என்று வறுத்து அரைத்து, திருப்பதியில் இருக்கும் ஹாஸ்டல்களுக்கும் மெஸ்களுக்கும் அனுப்புவோம். சித்தூரில் மூட்டையை பஸ் ஏற்றிவிட்டால் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஆள் வந்து இறக்கிக்கொள்வார். அதனால் வாங்குகிறவர்களில் பலரை நாங்கள் முகம் பார்த்ததே இல்லை. வறுப்பது நான், போனில் பேசுவது அவர். எனக்கும் தெலுங்கு நன்றாகவே வரும், பள்ளிக்கூடத்தில் படித்ததே அதில்தான். ஆனால் புது ஆள் கூப்பிட்டால் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல் ஆகிவிடுவேன்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது, முன்னேற்றப் பேச்சு கேட்பது. மொபைலில் யாராவது ஒருவர் கோட்டு மாட்டிக்கொண்டு, உன்மேல் முதலீடு செய் என்று கத்திக்கொண்டே இருப்பார். இவர் பாக்கெட் ஒட்டியபடி தலையாட்டுவார்.

"உங்க கோட்டுக்காரரு ஒரு நாளு வந்து மொளகா வறுக்கட்டும், அப்புறம் பேசட்டும்" என்பேன்.

"அரைக்கிற மிசினு வாங்கிப் போட்டா மட்டும் போதுமா? நீ வாயத் தொறந்தாதாம்மே நம்ம யாவாரம் பெருசாவும்" என்பார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் அவருடைய போன் அடித்தது. திருப்பதி மெஸ்காரர். எங்கள் மூட்டைகளில் பெரும்பகுதி அவருக்குத்தான் போகும். சார் இல்லையா என்று தெலுங்கில் கேட்டார். செத்துவிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒற்றைப் பொம்பளை என்ன செய்துவிடப் போகிறாள் என்று வேறு இடம் பார்த்துக்கொள்வாரோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம், அந்த வார்த்தையை என் வாயால் சொல்வது. "கொண்டகு போயினாரு" என்றுவிட்டேன். மலைக்குப் போயிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் இதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். சாமி பார்க்கப் போனவரைத் துருவுவது மரியாதை இல்லை. கூட்டம் இருந்தால் தரிசனம் எவ்வளவு இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்? கோயிலுக்குள் போனும் கொண்டுபோக முடியாது. பொய் சொல்கிறவளுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

ஒருமுறை சொன்னது பழக்கமாகிவிட்டது; யார் எப்போது கூப்பிட்டாலும், வந்தார், மறுபடி மலைக்குப் போய்விட்டார் என்பேன். மலைக்குப் போனவரிடம் லட்டு கேட்பார்கள் அல்லவா, கேட்டார்கள். எங்கள் தெருவில் யார் மலைக்குப் போனாலும் எனக்கும் சேர்த்து வாங்கி வரச் சொல்லி, மூட்டைக்குள் வைத்து அனுப்பினேன். சாமி உங்கள் வீட்டுக்காரரை விடவே மாட்டேன் என்கிறார் போலிருக்கிறது என்று மெஸ்காரர் சந்தோஷப்பட்டார். ஆமாம், விடவில்லை என்றேன்.

பிறகு எனக்கே என்னவோ ஆகிவிட்டது. திருப்பதி பஸ் வரும் நேரத்துக்குக் காது தானாக வாசலுக்குப் போனது. அவர் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தேன். முடி கொடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்து நின்றால் எப்படி இருப்பார் என்று ஒரு நாள் வறுத்துக்கொண்டே யோசித்தேன். கடலை கருகிப் போனது.

இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கும் மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யம்மா, நீ போன்ல அப்பிடிச் சொல்றப்போ, நைனா நெசமாவே வந்துக்கினு இருக்காரோன்னு எனக்கும் தோணுது. யாருனா கதவத் தட்டினா பயமா கீது" என்றாள்.

அந்த வாரமே இன்னொரு அழைப்பு வந்தது. திருப்பதியில் தொழில் செய்யும் பெண்களுக்கான பயிற்சி வகுப்பு, உங்கள் பேரில் உங்கள் கணவர் முன்னமே இடம் சொல்லி வைத்திருக்கிறார், வருகிறீர்களா என்றார்கள். என்னிடம் அவர் மூச்சுவிடவில்லை. செத்தும் நச்சரிக்கிறாரே மனுஷன் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் போனேன்.

ஊறுகாய் போடுகிறவர், தையல் கடை வைத்திருக்கிறவர், பலமனேரிலிருந்து பால்கோவாக்காரி என்று ஒரு மாடி ஹால் நிறையப் பெண்கள். ஒவ்வொருவராக எழுந்து, தொழிலுக்கு முதலாளி யார் என்று சொல்ல வேண்டும். என் முறை வந்ததும், எங்கள் வீட்டுக்காரர் என்றேன். அவர் எங்கே என்று கேட்டார் பயிற்சி நடத்திய அம்மா. மலைக்குப் போயிருக்கிறார் என்று நாக்கு தானாகச் சொன்னது. "மா ஆயனகூட!" என்றாள் பால்கோவாக்காரி. எங்கள் வீட்டுக்காரரும்தான் என்கிறாள். ஹாலே சிரித்தது.

நானும் சிரித்தேன். அவள் கணவன் சாயங்காலம் இறங்கி வந்துவிடுவான். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல அவ்வளவு பொறாமையாக இருந்தது எனக்கு.

மதியச் சாப்பாட்டுக்கு விட்டார்கள். நான் சாப்பிடாமல் விசாரித்துக்கொண்டு மெஸ்காரரைத் தேடிப் போனேன். பொடி அனுப்புவது நான்தான் என்றதும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். சார் வரவில்லையா என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் செத்துட்டாரு" என்றேன், தெலுங்கில். மழைக்காலத்திலேயே போய்விட்டார் என்றும் சொன்னேன்.

அவர் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தார். பிறகு, பொடி இப்போது யார் போடுகிறார்கள் என்றார். எப்போதும் நான்தான் என்றேன். வியாபாரம் பேசுவது யார் என்றார்.

"இப்ப பேசிக்கினுதானே இருக்கேன்" என்றேன்.

வருகிற வாரமும் எப்போதும் போல அனுப்பச் சொன்னார். நான் பயந்தது நடக்கவில்லை. வகுப்புக்குத் திரும்பிப் போக மனமில்லாமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கண் வறண்டே கிடந்தது.

வாசலில் மகள் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே, "சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரை வேலூரிலிருந்து கொண்டுவந்து கிடத்தியபோதுகூட அவள் அப்படி அழவில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருமாகத் தலையில் அடித்துக்கொண்டு அழுதோம். சத்தம் கேட்டுத் தெருவே ஓடி வந்தது. அன்றைக்கு அவரைத் தூக்கிப் போனவர்கள்தான் எல்லாரும்.

"இன்னாடி ஆச்சி? யாருக்கு இன்னா?" என்று பக்கத்து வீட்டு அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்க வூட்டுக்காரரு செத்துட்டாருக்கா" என்றேன்.