ஹெலன் மேடம் சொல்லிக்கொடுத்த மௌனம்

முதல் மாணவி ஆலோசனைக்கு வந்த அன்று அதிகமாக நடுங்கியது நான்தான்.

எங்கள் பல்கலைக்கழகம் அப்போது புதுசு. மாணவர் நலப் பிரிவு அதைவிடப் புதுசு. அதை அமைத்துக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஹெலன் மேடம் வந்திருந்தார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கி, ஷேர் ஆட்டோவில் வருவார். கவுன்சலிங் அறைக் கதவு மூடியிருக்க வேண்டும், உள்ளே ஒரே ஒரு மாணவர், நாம் அறிவுரை சொல்லாமல் மௌனமாகக் கேட்க வேண்டும். இவை அவருடைய விதிகள். பிறந்ததிலிருந்து வாயை மூடாத என்னைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தது நிர்வாகம்.

அந்த முதல் மாணவி ஷபானா, சேர்ந்த சில வாரத்திலேயே டி.சி. கேட்டாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அப்பா நிலக்கடலை லோடு அடிக்கும் வேனோடு வந்து கேட்டில் நின்றுவிட்டார். கூட வந்த தோழி கலையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். ஷபானா கதவையே பார்த்தாள். நான் விதிப்படி மௌனமாக இருந்தேன். அவளும் இருந்தாள்.

கதவு தடதடவென்று அதிர்ந்தது. "சார்! எதுக்கு சார் கதவ சாத்துனீங்க?"

பாய்ந்து இரண்டு கதவையும் விரியத் திறந்தேன். கலை உள்ளே வந்து தோழியை ஒட்டி உட்கார்ந்தாள். "ஹாஸ்டல் சோறு சரியில்ல சார், அதான் போறேன்றா."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த இடைவெளியில் ஷபானா தோழியிடம் சொன்னாள்: "சோறு இல்லடி. கிளாஸ்ல எல்லாமே இங்கிலீஷ். ஒண்ணும் புரியல. நீங்கல்லாம் தலையாட்டறீங்க, நான் மட்டும் முட்டாளாட்டம் உக்காந்திருக்கேன்."

"அடிப்பாவி, நானும் சும்மாதான்டி தலையாட்றேன்!"

"ஹெலன் மேடம் மீட்டிங்ல நானும்தாம்மா" என்றேன். ஷபானா சிரித்துவிட்டாள்.

கேட்டில் அப்பா கேட்டார்: "பொட்டி எங்கம்மா?"

"பொட்டி வேணாம் அத்தா. நீங்க போங்க."

"இதுக்கா மல்லாட்ட லோட உட்டுட்டு ஓடியாந்தேன்?" என்று திட்டிக்கொண்டே வேனை எடுத்தார். முகத்தில் மட்டும் சிரிப்பு.

மறுநாள் ஹெலன் மேடம் விசாரித்தார். "எல்லாம் உங்க மெத்தட்தான் மேடம்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தார். தாங்க முடியவில்லை. கதவைத் திறந்தது, கலையை உள்ளே விட்டது, மீட்டிங்கில் தலையாட்டுவது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்த மீட்டிங்கிலிருந்து புரியவில்லை?" என்று நிதானமாகக் கேட்டார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கதவைத் திறந்து வையுங்கள், தோழியையும் உள்ளே விடுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது எனக்கு இன்னும் வரவில்லை.